இல்லாத பிடியைப் பங்கிட முடியாது

மழையில் ஊறிய கரிசல் பாதையில் சரக்கேற்றிய வேன் ஒன்று திணறும்போது மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு படபடவென்று மினுக்கத் தொடங்கும். குட்டிக் கார் ஒன்று, அதன் கீழே நெளிந்தோடும் இரண்டு கோடுகள்: அதுதான் அந்த விளக்கின் படம். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சினின் சத்தம் ஏறுவதில்லை. எழும்பப் பார்த்து அடங்கிவிடுகிறது. சக்கரத்தின் பக்கமிருந்து 'டர்ர்' என்று ஒரு நடுக்கம் மட்டும் தரைப்பலகை வழியாகக் காலுக்கு வருகிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ற மின்னணு ஏற்பாடு பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிடுவதா, பொத்தானை அழுத்தி அணைத்துவிடுவதா என்று கேட்டால் அனுபவசாலிகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். சேற்றில் இறங்கியதும் முதல் வேலையே அதை அணைப்பதுதான் என்பது ஒரு கட்சி. பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பொருத்தியதை அணைக்கச் சொல்ல நாம் யார் என்பது மறு கட்சி. இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று சேற்றில் கைகொடுக்கும். மற்றது பெரும்பாலும் காலை வாரிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் டிஃபரன்ஷியலைப் பார்த்துவிட வேண்டும். சேற்றில் நடக்கும் அநியாயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே போகும். ஒனெசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென்று காப்புரிமை பெற்ற பற்சக்கரத் தொகுப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இன்றைய வேன்களிலும் இருப்பது அதன் வாரிசுதான். அதன் விதி எளிமையானது: இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம், ஆனால் இரண்டுக்கும் போகும் முறுக்கு விசை சமமாகத்தான் இருக்கும். இரட்டை மாட்டு வண்டியின் நுகத்தடி, நடுவில் ஒரே முளையில் ஆடும்படி கட்டப்பட்டிருப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஒரு மாடு சோம்பினால் மற்ற மாடு எவ்வளவு முக்கினாலும் நுகம் கோணிக்கொள்ளுமே தவிர அந்த பலம் வண்டிக்கு வந்து சேராது. சோம்பும் மாடு எவ்வளவு இழுக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் மற்றதன் உழைப்பும் பயன்படும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். சரக்கோடு சேர்த்து 2,800 கிலோ எடையுள்ள வேன்; எஞ்சின் ஓட்டும் அச்சின் இரண்டு சக்கரங்கள் மீதும் ஆளுக்கு 700 கிலோ அழுத்துகிறது. இடது சக்கரம் ஓரத்துச் சகதியில் இறங்கியிருப்பதால் அதற்கு 70 கிலோ அளவுக்குத்தான் தள்ள முடியும். வலது சக்கரம் கொஞ்சம் கெட்டியான சரளை மேல் நிற்பதால் 350 கிலோ வரை தள்ளக்கூடியது. கேட்பதற்கு மொத்தம் 420 கிலோ. ஆனால் டிஃபரன்ஷியல் சமமாகத்தான் பங்கிடும் என்பதால் வலதுக்கும் 70தான் கிடைக்கும். ஆக மொத்தம் 140. தார்ச்சாலையில் இது தாராளம். அங்கே டயர் உருள்வதற்கான தடை வண்டியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான். மண் பாதையில் அது ஐந்து பங்காகும். உழுத வயலிலும் இளகிய மண்ணிலும் பத்துப் பங்கில் தொடங்கி முப்பதைத் தாண்டியும் போகும். பத்துப் பங்கு என்று வைத்தாலே இந்த வேன் நகர 280 கிலோ வேண்டும். கையில் இருப்பது 140. இடது சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைக்க, வலது சக்கரம் அசையாமல் நிற்கிறது. எஞ்சினில் குதிரைசக்திக்குப் பஞ்சமில்லை, வலது சக்கரத்தின் அடியில் பிடிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் வண்டி நகரவில்லை.

இங்கேதான் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் முதல் வேலை வருகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே ஒரு வேக சென்சார் இருக்கிறது. ஓட்டும் சக்கரங்களில் ஒன்று மட்டும் வெறித்தனமாகச் சுழல்வதை அது காட்டிக்கொடுத்ததும், கணிப்பொறி அந்த ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தானாகப் பிடிக்கிறது. டிஃபரன்ஷியலுக்கு ஏமாற்றம் தெரியாது. சகதியில் கிடக்கும் சக்கரம் திடீரென்று கனமாகிவிட்டது என்றுதான் அதற்குப் படும். இடது சக்கரத்தின் பிரேக் 280 கிலோவுக்குச் சமமான எதிர்ப்பைக் கொடுத்தால், இடது பக்கம் செல்லும் விசை 70உம் 280உம் சேர்ந்து 350 ஆகும்; சமப் பங்கீட்டு விதியின்படி வலதுக்கும் 350. இப்போது தரையைத் தள்ளுவது இடதில் 70, வலதில் 350, மொத்தம் 420. தேவையோ 280. வேன் வெளியே வந்துவிடும். அதிர்வாகக் காலுக்கு எட்டிய அந்த 'டர்ர்' சத்தம் இதுதான்: பிரேக்கின் ஹைட்ராலிக் பம்பும் வால்வுகளும் வேலை செய்யும் ஓசை.

இந்த வித்தை நம் ஊர் டிராக்டர் ஓட்டுநர்களுக்குப் புதிதில்லை. டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் மிதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிடுவார்கள். வயலில் கொக்கியைக் கழற்றிவிடுவார்கள். வரப்போரம் குறுகலாகத் திருப்புவதற்குத்தான் அது முதன்மையாகப் பயன்படுகிறது என்றாலும், ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும்போது அந்தப் பக்க மிதியை அளவாக மிதித்து மறு பக்கத்துக்கு பலத்தைத் தள்ளிவிடுவதும் கைவந்த பழக்கம். வேன் ஓட்டுநருக்கு அந்த வசதி கிடையாது. அவரிடம் இருப்பது நான்கு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் ஒரே மிதி. சிலர் கை பிரேக்கைப் பாதி இழுத்துப் பார்ப்பார்கள். பின்சக்கரம் ஓட்டும் வேனில் இது உதவும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அதனால் பலன் இல்லை என்பதைக் கணக்கே சொல்லிவிடும். கை பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிப்பதால், கெட்டியான பக்கத்துக்குக் கூடுதலாகப் போகும் விசையை அந்தப் பக்கத்துப் பிரேக்கே தின்றுவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் பிடிக்க முடிவதில்தான் விஷயம் இருக்கிறது. அதை மனிதக் காலால் செய்ய வேனில் வழி இல்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோலை முழுக்க அணை என்று சொல்லும் கட்சி கவனிக்கத் தவறுவது இதைத்தான். பொத்தானை அழுத்துகிறவர், பல வண்டிகளில், இந்தத் தனிப்பக்கப் பிரேக்கையும் சேர்த்து இழக்கிறார்.

இதற்கு ஒரு விலை உண்டு. மேலே சொன்ன கணக்கில், வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் இடது பிரேக்கில் ஏறக்குறைய 4 கிலோவாட் வெப்பமாக வீணாகிறது. சக்கரம் அதைவிட வேகமாகச் சுழன்றால் வெப்பம் இன்னும் கூடும். அதனால்தான் பல வண்டிகளில் கணிப்பொறி பிரேக்கின் சூட்டை மதிப்பிட்டுக்கொண்டே இருந்து, அளவு மீறினால் பிடிப்பதை நிறுத்திவிடுகிறது. நீண்ட சேற்றுப் பாதையில் வேன் முதலில் நன்றாகப் போய், பிறகு காரணம் தெரியாமல் நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பத்து இருபது நிமிடம் ஆறவிட்டு முயல்வதே அப்போது உத்தமம். டிஃபரன்ஷியலையே பூட்டிவிடும் 'டிஃப் லாக்' இருந்தால் இந்த வெப்ப நட்டம் இல்லை. ஆனால் பெரும்பாலான வேன்களில் அது கிடையாது.

இனி இரண்டாவது வேலை. சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் பலத்தையே குறைத்துவிடுவது. வரலாற்றில் முந்தி வந்தது இந்தப் பாதிதான். 1971இல் அமெரிக்காவின் பியூக் கார்களில் வந்த 'மேக்ஸ்டிராக்' என்ற ஏற்பாடு, பின்சக்கரம் வழுக்குவதாகத் தெரிந்தால் எஞ்சினின் தீப்பொறியை இடையிடையே வெட்டிவிடும். 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. அதே சென்சார்களையும் வால்வுகளையும் கொண்டு 1980களின் நடுவில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்தது. 1995இல் வண்டி பக்கவாட்டில் சறுக்குவதைத் தடுக்கும் இஎஸ்பி வந்தது. இந்த வரிசையை உருவாக்கியவர்களின் கண் முன்னால் இருந்த எதிரி பனிக்கட்டியும் ஈரத் தார்ச்சாலையும். அங்கே டயரும் தரையும் உரசும் விதம் ஒழுங்கானது. சக்கரம் வண்டியைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வேகமாகச் சுழலும்போது பிடி உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் சுழன்றால் பிடி குறையத் தொடங்கும், பக்கவாட்டுப் பிடியோ இன்னும் வேகமாகக் கரையும். ஆகவே வழுக்கல் அந்த எல்லையைத் தாண்டினால் எஞ்சினை அடக்குவதுதான் புத்திசாலித்தனம். தார்ச்சாலைக்கு எழுதப்பட்ட இந்தத் தீர்ப்பைச் சேற்றுக்கும் அப்படியே செல்லுபடியாக்கியதில்தான் சிக்கல் வருகிறது.

சேற்றில் டயர் தரையை உரசுவதில்லை. தரையைக் கிழித்துக்கொண்டு தள்ளுகிறது. டயரின் கட்டைகளுக்கு நடுவே சிக்கிய மண், அடியில் இருக்கும் மண்ணின் மேல் நகரப் பார்க்கிறது. அந்த அடி மண் பிய்ந்துபோகாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறதோ, அதுதான் வண்டிக்குக் கிடைக்கும் தள்ளுவிசை. மண்ணின் அந்த எதிர்ப்பு இரண்டு கூறுகளால் ஆனது என்பதை, மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிவிட்டுத் திரும்பிய பிரெஞ்சுப் படைப் பொறியாளர் கூலோம் 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்த கட்டுரையில் காட்டினார். ஒன்று மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு. மற்றது மேலிருந்து அழுத்தும் எடைக்கு ஏற்பக் கூடும் உராய்வு. மின்னேற்ற விதியால் நமக்கு அறிமுகமான அதே கூலோம்தான். இந்த மண்ணியலை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மெச்சிஸ்வாவ் பெக்கர். அவருடைய அடிப்படை நூல் 1956இல் வந்தது. 1971இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியின் கம்பி வலைச் சக்கரங்களுக்குப் பின்னாலும் அவருடைய வேலை இருந்தது.

மண்ணின் எதிர்ப்பு உடனே எழுவதில்லை என்பது அந்தத் துறையின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. மண் அடுக்கு சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ நகர்ந்த பிறகே முழு எதிர்ப்பும் திரளும். 1961இல் ஜனோசி, ஹனமோட்டோ என்ற இருவர் இதற்கு ஓர் எளிய சமன்பாடு கொடுத்தார்கள். இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. டயர் தரையைத் தொடும் நீளம் 20 செ.மீ., தளர்ந்த மண்ணின் இயல்பைக் குறிக்கும் அளவு 2.5 செ.மீ. என்று வைத்து அந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். வழுக்கல் நூற்றுக்குப் பத்து என்றால், மண் தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுவிசையில் 31 பங்குதான் கிடைக்கிறது. வழுக்கல் நாற்பது என்றால் 70 பங்கு. தார்ச்சாலை விதியைப் பிடித்துக்கொண்டு பத்திலேயே எஞ்சினை அடக்கும் கணிப்பொறி, மண் கொடுக்கத் தயாராக இருந்ததில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஓட்டுநரின் கால் தரையைத் தொட்டிருக்க எஞ்சின் முனகியதன் காரணம் இதுதான்.

கரிசலில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. கரிசல் மண்ணின் களிமண்ணில் மிகுந்திருப்பது மான்ட்மோரில்லோனைட் வகை. ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றின் இடையில் தண்ணீர் புகுந்து மண்ணையே ஊதவைக்கும். கோடையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடந்த அதே நிலம் ஐப்பசியில் செருப்பைப் பிடித்து இழுப்பது இதனால்தான். களிமண்ணின் ஈரத்தைப் பொறுத்து அது கெட்டியாக நிற்கும், பிசைய வரும், ஓடும் என்ற நிலைகளுக்கு எல்லை வகுத்தவர் சுவீடன் வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க், ஆண்டு 1911. வண்டிக்கு மிக மோசமானது நடுவில் இருக்கும் பிசைய வரும் நிலை. அப்போது மண் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு, எட்டு மில்லிமீட்டர் ஆழ டிரெட்டை மொழுக்கென்று ஆக்கிவிடும். அடைத்ததைக் கழற்ற வேகம் வேண்டும். 33 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பில் ஒட்டிய மண்ணை வெளியே வீசப் பார்க்கும் விசை அதன் எடையைவிடக் குறைவு. 30 கி.மீ. என்றால் எடையைப்போல் 21 மடங்கு. சேற்றில் சக்கரம் சற்றே சுழல வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் இருக்கும் இயற்பியல் இது. வழுக்கலை முளையிலேயே கிள்ளும் மென்பொருள் டயர் தன்னைத் துடைத்துக்கொள்ளும் வழியையும் அடைத்துவிடுகிறது.

வேகத்தின் சேமிப்பும் இப்படித்தான் பறிபோகிறது. நம் வேன் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒரு சேற்றுத் திட்டுக்குள் நுழைகிறது. அங்கே தடை 280 கிலோ, சக்கரங்கள் தருவது 180, பற்றாக்குறை 100. ஓட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டே வேன் சுமார் 44 மீட்டர் கடந்துவிடும். அதே திட்டில் கணிப்பொறி எஞ்சினை அடக்கித் தள்ளுவிசையை 80 ஆக்கினால் பற்றாக்குறை இரட்டிக்கும். 22 மீட்டரில் வண்டி நின்றுபோகும். சேற்றின் நடுவில் நின்ற வண்டியைக் கிளப்புவது ஓடிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றுவதைவிடப் பல மடங்கு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்காக 40 கி.மீ. வேகத்தில் பாய வேண்டும் என்பதில்லை. சேற்றுக்கு அடியில் கல்லோ குழியோ கிடக்கலாம், அச்சு முறிந்தால் எந்தச் சமன்பாடும் உதவாது.

வலுவான மறுப்பு ஒன்று இங்கே எழும்: சக்கரம் சுழல்வது அவ்வளவு நல்லதென்றால், சுழற்றியவர்கள் ஏன் அச்சு வரை புதைந்தார்கள்? நியாயமான கேள்வி. சுழலும் சக்கரம் மண்ணைப் பின்னால் அள்ளிப் போடுவதால் தன் குழியைத் தானே தோண்டுகிறது. ஆழம் கூடக்கூட முன்னால் தேங்கும் மண்ணைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் தடையும் கூடுகிறது. வண்டி ஓர் அடிகூட நகராமல் சக்கரம் மட்டும் சுழன்றால் வழுக்கல் நூற்றுக்கு நூறு. மேலே சொன்ன ஆதாயமெல்லாம் அதற்குள் எப்போதோ முடிந்துபோயிருக்கும், மிச்சம் தோண்டல்தான். பிசைந்த களிமண்ணின் பிணைப்பும் குலைந்துவிடும். ஆகவே எஞ்சினை அடக்கும் மென்பொருளின் உள்ளுணர்வு தவறில்லை. அது தலையிடும் எல்லைதான் சேற்றுக்குப் பொருந்தாமல் முன்கூட்டியே வந்துவிடுகிறது. பொத்தானை அணைத்தவர் அந்தக் கடமையைத் தன் காலுக்கு மாற்றிக்கொள்கிறார். வண்டி நகர்கிறவரை சக்கரம் கொஞ்சம் சுழலட்டும். நகர்வது நின்ற நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் மிதித்தால் டிராக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்னொரு மறுப்பு, பாதுகாப்பு பற்றியது. மழைக்காலத்தில் வயலிலிருந்து ஏறிய டிராக்டர்களும் செங்கல் லாரிகளும் தார்ச்சாலையில் விட்டுப்போகும் மெல்லிய களிப் படலமும் சேறுதானே, அங்கேயும் அணைப்பதா? கூடவே கூடாது. அந்தப் படலத்துக்கு அடியில் கெட்டியான தரை இருக்கிறது. வண்டியின் வேகமும் அதிகம். தோண்ட மண் இல்லை, திரள எதிர்ப்பும் இல்லை. அங்கே நடப்பது முழுக்க வழுக்குத் தரையின் இயற்பியல், டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இஎஸ்பியும் எதற்காகப் பிறந்தனவோ அதே களம். உயரமான, பின்பக்கம் கனத்த வேன் பக்கவாட்டில் சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்வதைத் தடுக்க இதைவிட நல்ல துணை இல்லை. பல வேன்களில் ஒரே பொத்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு இஎஸ்பியின் ஒரு பகுதியையும் தளர்த்திவிடும் என்பதால், சேற்றைத் தாண்டியதும் மறக்காமல் மீண்டும் இயக்க வேண்டும். மனிதர்கள் மறப்பார்கள் என்று தெரிந்துதான், அணைத்து வைத்த இஎஸ்பி அடுத்த முறை சாவி திருப்பியதும் தானாக உயிர்பெற வேண்டும் என்று அமெரிக்காவின் 126ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி கட்டாயப்படுத்தியது. ஆழமா, படலமா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. முன்னால் போன வண்டியின் தடத்தில் இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்தால் போதும். கால் வழுக்கினால் படலம், புதைந்தால் ஆழம்.

தயாரிப்பாளர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2009இல் பெஜோ 3008 காரில் வந்து பின்பு அதே நிறுவனத்தின் வேன்களுக்கும் பரவிய 'கிரிப் கன்ட்ரோல்' ஏற்பாட்டில் பனி, சேறு, மணல் என்று தனித்தனி நிலைகள் உண்டு. சேற்று நிலையில் அது பிடி குறைந்த சக்கரத்தை வேண்டுமென்றே நன்றாகச் சுழலவிட்டு மண்ணை உதிரவைக்கும். பிடியுள்ள சக்கரத்துக்கு முடிந்தவரை பலத்தை அனுப்பும். ஃபியட் டுகாட்டோ வேனின் 'டிராக்‌ஷன் பிளஸ்' பொத்தானும் இதே குலம். மணிக்கு 30 கி.மீ. வரை தனிப்பக்கப் பிரேக்கின் வேலையைத் தீவிரமாக்கும். நான் முதலில் பிரித்துக் காட்டிய இரண்டு வேலைகளையும் நிறுவனங்களே பிரித்துவைத்திருக்கின்றன என்பதற்கு இவையே சாட்சி. அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? பாதிதான். இரண்டு ஓட்டும் சக்கரங்களும் ஒரே கூழில் நின்றால் பங்கிட எதுவும் இல்லை. இடதில் 70, வலதிலும் 70 என்றால் உலகத்தின் எந்த மென்பொருளும் 140ஐ 280 ஆக்காது. விளம்பரங்கள் சொல்லாமல் விடும் இடம் இது.

அந்த 70ஐ உயர்த்த வேண்டுமானால் டயருக்கும் மண்ணுக்கும்தான் போக வேண்டும். மணலில் பிடி எடையிலிருந்து வருகிறது. ஓட்டும் சக்கரத்தின் மேல் 100 கிலோ கூட்டினால் ஏறக்குறைய 58 கிலோ கூடுதல் தள்ளுவிசை கிடைக்கும். நீர் நிறைந்த களிமண்ணில் இந்தக் கணக்கு செல்லாது. மேலே ஏற்றிய எடையை மண் துகள்களுக்கு முன்னால் இடைவெளித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. சக்கரம் கடந்துபோகும் ஒரு நொடியில் அந்தத் தண்ணீர் வெளியேறவும் முடியாது. கார்ல் டெர்சாகி 1920களில் நிலைநாட்டிய மண்ணியல் உண்மை இது. பின்னால் நாலு பேரை ஏற்றிக் குதிக்கச் சொல்வது மணலில் அறிவியல், ஊறிய கரிசலில் வண்டியை இன்னும் புதைக்கும் வேலை. களிமண்ணில் கூட்ட வேண்டியது பரப்பு. 700 கிலோ தாங்கும் டயரில் 60 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 167 சதுர செ.மீ.; 35 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 285. இளகிய களிமண்ணின் பிணைப்பு சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ என்றால் தள்ளுவிசை 33இலிருந்து 57 கிலோவாகிறது. அழுத்தம் பரவுவதால் புதைவும் குறைகிறது. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் வந்த டி.யு.கே.டபிள்யூ. என்ற நீர்நில வண்டியில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்க முடிந்தது இதற்காகத்தான். சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுவதும் இதே கொள்கை: அகலமான இரும்புக் கூண்டு பரப்பைக் கூட்டுகிறது, அதன் பட்டைகள் மண்ணைப் பற்றுகின்றன, அடைத்துக்கொள்ளாமல் உதிர்க்கவும் செய்கின்றன. அதற்கு மென்பொருள் தேவைப்படவில்லை. வேனில் காற்றை இறக்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. சரக்கோடு குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். ஊர்ந்து கடந்து, மறுபடி காற்றடித்த பிறகே தார்ச்சாலை.

எல்லாவற்றுக்கும் நான்கு சக்கர ஓட்டமே தீர்வு என்பவர்களுக்கும் பதில் இதே திசையில்தான் இருக்கிறது. நான்கு சக்கரமும் தள்ளினால் தள்ளும் பரப்பு இரட்டிக்கிறது, அதனால் அது எந்த மென்பொருளையும் மிஞ்சும், மறுப்பதற்கில்லை. ஆனால் முன் அச்சிலும் பின் அச்சிலும் பூட்டில்லாத டிஃபரன்ஷியல் இருந்தால் அச்சுக்கு ஒரு சக்கரம் வழுக்கியே அந்த வண்டியும் நின்றுபோகும். அங்கேயும் தனிப்பக்கப் பிரேக்கே காப்பாற்ற வேண்டும். நிறுத்துவதிலோ திருப்புவதிலோ நான்கு சக்கர ஓட்டத்தால் கூடுதல் சலுகை கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு இது. சேற்று நிலை உள்ள வேனில் அதைப் போடுங்கள், முழுதாக அணைக்காதீர்கள். இல்லாத வேனில், ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை விட்டுவைத்து, நிதானமான மிதியோடு பிரேக்குக்கு இரண்டொரு நொடி அவகாசம் கொடுங்கள். இரண்டு ஓட்டும் சக்கரங்களும் ஆழச் சேற்றில் இருந்து, எஞ்சின் மட்டும் அடங்கிப்போனால் அணையுங்கள். படலச் சேற்றில் தொடவே வேண்டாம். பொத்தானை அழுத்தினால் எஞ்சினை அடக்கும் வேலை மட்டும் நிற்குமா, பிரேக்கும் சேர்ந்து நிற்குமா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதைச் சொல்லும் வரி கையேட்டில் எங்கோ ஒரு மூலையில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், இருக்கிறது. வேன் விற்பவர்கள் அந்த ஒரு வரியைத் தமிழில் அச்சிட்டுப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒட்டித்தரட்டும். அதுவரை, ஓட்டுபவர்கள் மழை தொடங்குவதற்கு முன்பே கையேட்டைத் திறந்து அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.